பொழி பார்க்கப் போன சனிக்கிழமை

ஊர் சுற்றிப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. கூட வருகிற ஆட்களைத்தான் சகிக்க முடியாது.

புஷ்பபாய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு காலையும் தூக்கி முன்சீட்டுக் கம்பியில் வைப்பாள். குதிகால் வெடிப்புக்கு ஆமணக்கெண்ணெய் பூசியிருப்பாள். புழுதியும் எண்ணெயும் சேர்ந்து கறுத்துப் போன அந்தக் காலைப் பார்த்தால் காலையில் குடித்த கஞ்சி தொண்டைக்கு வரும். குட்டப்பன் அதற்கும் மேலே. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன மனுசன். டிக்கெட் கிழிப்பதற்காக விரலை நாக்கில் தொட்ட பழக்கம் வேலை போன பிறகும் போகவில்லை. வெற்றிலையை எடுத்தாலும் நக்குவார், குடையை விரித்தாலும் நக்குவார். நக்கின விரலால் ஒரு வடையை எடுத்து, தின்னு பாமே என்று என் பெயரைச் சொல்லி நீட்டுவார் பாருங்கள், அப்படிப்பட்ட வடையை ஜன்னல் வழியாக எத்தனை தடவை எறிந்திருப்பேனோ தெரியாது.

ஆனாலும் இவர்களை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. எங்கள் ஊர் கொல்லயிலில் எங்கள் வயதுக்காரர்கள் கோயிலுக்குப் போவார்கள், சர்ச்சுக்குப் போவார்கள், செத்த வீட்டுக்குப் போவார்கள். எங்கள் மூன்று பேருக்கும்தான் அது போதவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவோம். யாரும் போகாத இடமாகப் பார்த்துப் போவோம். நெய்யாற்றில் அணை கட்டுகிற இடத்துக்குப் போய், பாறைக்கு வெடி வைப்பதை மரத்து மறைவில் நின்று பார்த்தோம். முன்காலத்தில் யானை பிடிக்கத் தோண்டிய குழிக்குள் இறங்கி, ஏற முடியாமல் கிடந்தோம். விறகு வெட்டுகிறவர்கள் கயிறு போட்டு எங்களைத் தூக்கிவிட்டார்கள். அறுபது தாண்டிய கிழடுகளுக்கு இது என்ன கேடு என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, எனக்கென்ன.

அந்த மாதம் பூவாறில் பொழி பார்க்கப் போகலாம் என்று குட்டப்பன் சொன்னார். நெய்யாறு கடலில் சேருகிற இடத்தை மணல் மேடு அடைத்துக் கிடக்கும். மழையில் ஆறு பெருகினால் ஊர்க்காரர்கள் மண்வெட்டியால் அதில் ஒரு கீறல் போட்டு விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஆறு மொத்தமும் அந்த வழியாகப் பாய்ந்து கடலுக்குள் போகும். பொழி முறிக்கிறது என்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் நான் சரி என்றது பொழிக்காக இல்லை. பூவாறு போகிற பஸ் திருப்புறம் வழியாகப் போகும். திருப்புறத்தில் என் மகள் ஷியாமளா இருந்தாள். அவளுக்குப் பிறந்து ஆறு மாதம் ஆன பெண்பிள்ளையை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

எல்லாம் அந்த எல்லைச் சண்டையால் வந்த வினை. எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா, மலையாளத்தோடு இருக்க வேண்டுமா என்று அப்போது இரண்டு பக்கமும் ஊர்வலம், கூட்டம், சுவரெல்லாம் எழுத்து. என் தம்பி சிவதாணு தமிழ்க் கட்சி. முந்தின வருஷம் ஊர்வலத்தில் போலீஸ் அடித்த அடியில் அவன் இடது கால் முறிந்தது. இன்றைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். ஷியாமளாவின் மாமனார் பொன்னப்பன் மலையாளக் கட்சி. அந்த அடி போதாது, இன்னும் இரண்டு போட்டிருக்க வேண்டும் என்று அவர் சந்தையில் நின்று சொன்னாராம். இவன் நொண்டிக்கொண்டே நெய்யாற்றங்கரைக் கோர்ட்டு வாசலுக்குப் போய், வக்கீல்களுக்கு நடுவில் வைத்து அவர் பிறப்பையே இழுத்துத் திட்டியிருக்கிறான். இரண்டு பேரும் மீசையை முறுக்கிக்கொண்டார்கள். வயிறு எரிந்தது எனக்குத்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவது அவர்களுக்கும் வழக்கம், எங்களுக்கும் வழக்கம். என் பிள்ளையை அனுப்பவில்லை. மருமகன் மோகனன் பட்டாளத்தில் எங்கோ வடக்கே கிடந்தான். நான் பிரசவ லேகியம் கிளறி வைத்துக் காத்திருந்தேன். அது பூசணம் பிடித்து நாறி, கடைசியில் தென்னைமூட்டில் கொட்டினேன்.

குழந்தை பிறந்த செய்தி கேட்டு ஒரு தடவை போனேன். தம்பி வந்து மன்னிப்புக் கேட்ட பிறகு உள்ளே வரலாம் என்று பொன்னப்பன் படியில் வைத்தே திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் சிவதாணு, இனி அந்த முற்றத்தில் மிதித்தால் என் முகத்தில் முழிக்காதே என்றான். நல்ல நியாயம்.

எனவே பஸ்ஸில் நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். திரும்பி வரும்போது திருப்புறத்தில் இறங்கி, பொன்னப்பன் வீட்டு வேலிக்கு வெளியே போய் நிற்பது. தண்ணீர் கோரவோ துணி உலர்த்தவோ ஷியாமளா வெளியே வராமலா போவாள்? குழந்தையை இடுப்பில் வைத்திருந்தால் பார்த்துவிடலாம். இதைக் குட்டப்பனிடமும் சொல்லியிருந்தேன். அவர் பொன்னப்பனுக்குப் பழக்கமான ஆள். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று விரலை நக்கிக்கொண்டு சொன்னார்.

திருப்புறம் வந்ததும் அவர் எழுந்துவிட்டார். இறங்கு பாமே, மகள் வீட்டில் பேசிச் சரி பண்ணி வைத்திருக்கிறேன், பொழி எங்கும் ஓடிப்போகாது என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த எச்சில் விரலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு பெரிய பைத்தியக்காரி நான்.

பொன்னப்பன் முற்றத்தில் ஓலைப்பந்தல் போட்டிருந்தார்கள். பெஞ்சு, நாற்காலி, தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், ஒரு நூறு ஆட்கள். குழந்தைக்கு ஏதோ விசேஷம் போல என்று எண்ணிக்கொண்டேன். ஒரு பெண் வந்து தோளில் நான் போட்டிருந்த நேரியல் துணியில் ஒரு ரிப்பன் பூவைக் குத்தினாள். கல்யாண வீட்டில் சந்தனம் கொடுப்பது மாதிரி என்று நினைத்து நின்று குத்திக்கொண்டேன். பந்தலில் தொங்கின துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை. என் கண் வீட்டு வாசலில்தான் இருந்தது.

பொன்னப்பன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். ஆறு மாதம் முன்பு படியில் வைத்து விரட்டின அதே வாய். என்னை முன்னால் கூட்டிக்கொண்டு போய், எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று மரியாதையாக மலையாளத்தில் கேட்டார். நானும் மலையாளத்தில்தான் பதில் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மலையாளம் பேசுகிறவர் முற்றத்தில் மிதித்தால் மலையாளம் பேச வேண்டும். அவர்கள் நம் வீட்டுக்கு வந்தால் தமிழ் பேசுவார்கள். காலைக் கழுவிவிட்டுப் படியேறுகிற மாதிரி, அது ஒரு மரியாதை. குட்டப்பன் என் வீட்டில் இருக்கும்வரை தமிழ்தான் பேசுவார். அவர் வீட்டில் அவர் பெண்டாட்டியிடம் நான் மலையாளத்தில்தான் மோர் கேட்பேன். அதற்குள் ஒரு கட்சி இருக்கிறது என்று யார் கண்டது? ஆகவே கொல்லயிலில் இருந்து வருகிறேன், என் மகளைப் பார்க்க வந்தேன், இதுவும் என் வீடுதானே, நீங்களெல்லாம் என் ஆட்கள்தானே என்று வாய் நிறைய மலையாளத்தில் சொன்னேன். என் வாய்க்கு முன்னால் மைக்கு இருந்ததைச் சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

படபடவென்று கைதட்டினார்கள். பொன்னப்பன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். கேட்டீர்களா, தமிழ்க் கட்சிக்காரனின் சொந்த அக்காள், தன் வாயால் சொல்கிறாள், இது அவள் வீடாம், நாம் அவள் ஆட்களாம் என்றார். மறுபடியும் கைதட்டு. திருவனந்தபுரத்தில் இருந்து வந்த ஒரு தலைவர் எழுந்து என்னைக் கும்பிட்டார். குட்டப்பனைத் திரும்பிப் பார்த்தேன். மேடையில் தலைவருக்கு இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, விரலை நக்கி மீசையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலிக்காகத்தான் என்னை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான், சவம். காசுக்குச் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஓக்காளம் வந்திருக்காது.

அப்போது வாசலில் ஷியாமளா வந்து நின்றாள். மெலிந்து, கண்ணெல்லாம் குழிந்து, தோளில் குழந்தை. குழந்தையின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரிப்பனைப் பார்த்தாள். பிறகு கைதட்டுகிற ஆட்களைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவ்வளவு கைதட்டுக்கு நடுவிலும் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆறு மாதம் எதற்காகத் தவித்தேனோ அது என் கண் முன்னால் மூடிக்கொண்டது. அந்த ரிப்பனைப் பிடித்து இழுத்தேன், நேரியலோடு கிழிந்து வந்தது. மைக்கு இன்னும் என் முன்னால்தான் இருந்தது. பிறந்ததில் இருந்து அடுத்தவர் முற்றத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். தமிழில் கத்தினேன்.

"எக்க மக்கா, கதவத் தொற. கட்சியும் இல்ல ஒரு எளவும் இல்ல. உன்னப் பாக்க வந்த உன் அம்மையாக்கும்."

தென்னை மரத்துக் குழாய் அதை ஜங்ஷன் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கைதட்டு நின்றது. பின்னால் இருந்து ஒருவன், தமிழச்சியைக் கேவலமாகச் சொல்கிற பேரைச் சொல்லி, பாண்டிச்சியை வெளியே தள்ளு என்றான். பெஞ்சுகள் நகர்ந்தன. புஷ்பபாய் எங்கிருந்து வந்தாளோ, என் முதுகோடு முதுகு ஒட்டி நின்றுகொண்டு குடையைத் தலைகீழாகப் பிடித்தாள். நான் கதவைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. ஷியாமளா ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். நேராக வந்து குழந்தையை என் கையில் வைத்தாள். சூடாக இருந்தது. பால் மணம் வந்தது. மூக்கு அப்படியே என் மருமகன் மூக்கு. போகட்டும், பிறகு மாறும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணீர் வந்து பிள்ளை முகமே மங்கலாகத்தான் தெரிந்தது.

இனித்தான் இருக்கிறது கண்றாவி. பொன்னப்பன் என்னை வெளியே தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். தள்ளியிருந்தால் அவரை ஒரு மனுசன் என்றாவது சொல்லலாம். அவர் கூட்டத்தைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், உடனே பல்லைக் காட்டிக்கொண்டு எங்கள் நடுவில் வந்து நின்றார். பிரிந்து கிடந்த தாயையும் மகளையும் நம் கட்சி சேர்த்து வைத்திருக்கிறது என்று மைக்கில் சொன்னார். பாண்டிச்சி என்று கத்தினவனும் சேர்ந்துதான் கைதட்டினான். ஒரு ஆள் கேமராவோடு ஓடி வந்தான். தலைவர் தன் கையைக் குழந்தையின் தலையில் வைத்தார். குட்டப்பன் என் தோளுக்குப் பின்னால் தலையை நீட்டினார். என் பேத்தியை நான் முதல் தடவை தூக்கின நேரம், சுற்றிலும் இத்தனை பேருடைய வேர்வை நாற்றம். தூ.

கேமராக்காரன் எங்களை நெருக்கி நிற்கச் சொன்னபோது ஷியாமளா என் காதோரம் வந்தாள்.

"ரிப்பனோட பாத்ததும் நீயும் இவங்ககூடச் சேந்துட்டியோண்ணு நெனச்சேன்ம்மா. இனி நீ இங்க வரண்டாம்."

அவள் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள், கேமராவைப் பார்த்துக்கொண்டே.

"நீ வந்தா இவனுவ மேடை போடுவானுவ. நான் அங்க வந்தா சிவதாணு மாமன் ஒரு மேடை போடுவான். இதுக்கா நான் பிள்ள பெத்தேன்? நீங்க அடுத்த மாசம் எங்க போறிய?"

பின்னால் நின்ற புஷ்பபாய்தான் தணிந்த குரலில் சொன்னாள். "அம்பூரி மலையில வவ்வால் பாறை உண்டு. நாத்தத்துக்குப் பயந்து ஒரு மனுசனும் வரமாட்டான்."

"நான் அங்க வாறேன்" என்றாள் ஷியாமளா.

போட்டோ எடுத்து முடிந்ததும் அவள் மாமியார் வந்து குழந்தையை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எங்களுக்கு ஆளுக்கொரு கிளாஸ் சர்பத்து தந்தார்கள். நான் அதைப் பந்தல் காலில் ஊற்றினேன்.

குட்டப்பனை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ரோட்டுக்கு வந்தோம். வந்தது வந்தாச்சு, பொழியையும் பார்த்துவிடலாம் என்று புஷ்பபாய் பிடிவாதம் பிடித்தாள். போனோம். பூவாறுக் காயலில் கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு அழுகப் போட்டிருந்த நாற்றம் ஒரு மைலுக்கு முன்பே வந்தது. பொழியை முந்தின நாளே முறித்துவிட்டார்கள். நுரையும் குப்பையும் ஊதிப்போன ஒரு செத்த நாயும்தான் மிதந்தன. புஷ்பபாய் அதையும் கையைக் கண்ணுக்கு மேலே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

மறுநாள் காலையிலேயே சிவதாணு இரண்டு ஆட்களோடு வந்துவிட்டான். அந்த முற்றத்தில் மிதித்ததற்குத் திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கொஞ்சம் திட்டவும் செய்தான். பிறகு அவன் முகம் மாறியது. மைக்கில் தமிழில் விளித்தாயாமே, எதிரி முற்றத்தில் நின்று விளித்தாயாமே, பாறசாலை ஜங்ஷனில் கூட்டம் வைத்திருக்கிறோம், நீ வந்து மேடையில் அதைச் சொல்ல வேண்டும் என்றான். கூட வந்தவன் பையில் இருந்து ஒரு மாலையை எடுத்தான். மாலைக்குக்கூட அளவு பார்த்து வாங்கி வந்திருக்கிறார்கள்.

மாட்டுக்கு வைக்கிற கழுநீர்ப் பானை என் கையில் இருந்தது. அதை அப்படியே மாலையின் மேல் கவிழ்த்தேன்.

"உன் காலுக்காவ நான் ராவும் பகலும் அழுதேம்லே. என் மகளுக்காவ நீ ஒரு நாளு அழுதியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு காலை இழுத்து இழுத்துப் போனான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் எனக்கும் புஷ்பபாய்க்கும் மட்டும்தான் பயணம். குட்டப்பன் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று, என்ன பாமே கோபமா என்று இளித்தார். அவர் முகத்துக்கு நேராகவே காறித் துப்பிவிட்டு ஏறினேன். வெள்ளறடை வரைக்கும் பஸ். அதற்குப் பிறகு மலைப்பாதையில் நடை. ரப்பர் தோட்டத்தில் பால் உறைந்து அழுகின வாடை. கால்விரல் இடுக்கில் எல்லாம் அட்டை. புஷ்பபாய் வெற்றிலை எச்சிலை அட்டைமேல் துப்பித் துப்பி எடுத்தாள். என் காலில் இருந்ததையும் அப்படியேதான் எடுத்தாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வவ்வால் பாறை என்றால் ஒரு பெரிய பாறை, அடியில் ஒரு அறை அளவுக்குக் குடைவு. மேலே கறுப்பாக ஆயிரக்கணக்கில் தொங்கின. தரையில் கணுக்கால் அளவு எச்சம். கண் எரிந்தது. உள்ளே காலை வைத்ததும் நான் திரும்பி ஓடி வந்து புதரில் வாந்தி எடுத்தேன். இந்த நாற்றத்துக்குள் அவள் ஒரு கைக்குழந்தையோடு வருவாளா, வந்தாலும் வழி தெரியுமா, பொன்னப்பன் விடுவானா என்று யோசித்து யோசித்துத் தலை சுற்றியது. வெயில் உச்சிக்கு ஏறியது. வரமாட்டாள் என்று நான் சொல்லிவிட்டேன். புஷ்பபாய் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்தாள். முட்டு வரைக்கும் சேறு, நெற்றியில் முள் கீறிய இரத்தம், குழந்தையை ஒரு துண்டால் நெஞ்சோடு கட்டியிருந்தாள். ஊசி போட நெய்யாற்றங்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளாம். நாற்றம் அவளுக்கு உறைத்த மாதிரியே தெரியவில்லை. பாறையின் விளிம்பில் எச்சம் குறைந்த ஒரு இடத்தைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். குழந்தையை அவிழ்த்து என் மடியில் போட்டாள். கைதட்ட அங்கே ஒருவனும் இல்லை.

"சோறு கொண்டு வந்தியாம்மா?" என்றாள்.

பசிக்கிறது போல என்று வாழையிலைப் பொதியை அவிழ்த்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கில்ல. இவளுக்கு இன்னும் மொதச் சோறு கொடுக்கல்ல. அடுத்த கூட்டத்தில மேடையில வச்சு அந்தத் தலைவர் கையால கொடுக்கணும்னு மாமனார் நாளு குறிச்சிருக்காரு. நீ கொடும்மா. அவரு அங்க ரெண்டாவது சோறு கொடுக்கட்டும்."

பாறை இடுக்கில் சொட்டின மழைத்தண்ணீரில் கையைக் கழுவினேன். இரண்டு தடவை கழுவியும் போதாமல் மறுபடியும் கழுவினேன். மீன் படாத இடமாக, பொதியின் நடுவில் இருந்து நாலு பருக்கை எடுத்து நசுக்கினேன். எல்லாரும் எனக்குச் செய்ததை நினைத்து ஆத்திரமும் அருவருப்புமாக வந்தது. குழந்தை முகத்தைச் சுளித்து முதல் வாயைத் துப்பிவிட்டாள். என் விரலைப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். நான் மறுபடியும் கொடுத்தேன்.